குளிர்காலம் ஆகஸ்ட்டில் தொடங்குகிறது

அப்பா நவம்பர் நடுவில் டொராண்டோ வந்து இறங்கினார். அதிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை வீட்டை விட்டு அவர் வெளியே போனது மொத்தம் ஆறு முறை. நான் எண்ணி வைத்திருக்கிறேன். டாக்டரிடம் இரண்டு முறை, கோயிலுக்கு மூன்று முறை, என் மகளின் பள்ளி விழாவுக்கு ஒரு முறை. அதுவும் கராஜுக்குள்ளேயே காரில் ஏறி, போகிற இடத்தின் வாசலில் இறங்கி, அவசர அவசரமாக உள்ளே ஓடுவதுதான். மற்ற நாளெல்லாம் ஹாலில் ஹீட்டர் காற்று வருகிற இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிட்டத்தட்ட அறுபது வருஷம் வயலில் நின்ற மனுஷன். வயது 71. அம்மா போன பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று நான்தான் சூப்பர் விசா எடுத்து வரவழைத்தேன். இங்கேயே தங்கிவிடுவார் என்பது என் கணக்கு. அவர் கணக்கு வேறு. "மாசி கடைசில உளுந்து எடுக்கணும் தம்பி, நான் போகணும்" என்று வந்த வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டார். உளுந்து எடுக்க ஊரில் ஆள் இருக்கிறது. அது ஒரு சாக்கு என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அவராகவே சொன்னார். "மரமெல்லாம் பட்டுப்போய் நிக்குது. ஒரு காக்கா இல்ல, குருவி இல்ல. உசுருள்ளது ஒண்ணும் கண்ணுல படலையேடா. இதுல மனுஷன் எப்படி இருக்கறது?"

அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் மாஸ்டர்ஸ் படிக்க வந்து இறங்கிய முதல் ஜனவரியில் நானும் இதையேதான் நினைத்தேன்.

அதனால்தான் ஃபேமிலி டே லாங் வீக்கெண்டுக்கு அல்கான்குவின் பூங்கா போகலாம் என்று முடிவு செய்தேன். கோடையில் கூடாரம் போட நம்மில் நிறைய பேர் போகிற இடம்தான். 1893-இல் ஏற்படுத்திய பூங்கா, சுமார் 7,600 சதுர கிலோமீட்டர் காடு. ஆனால் பிப்ரவரியில் போனவர்கள் என் நண்பர்களில் யாருமில்லை.

என் மனைவி ஸ்கார்பரோவில் பிறந்து வளர்ந்தவள், யாழ்ப்பாணத்துக் குடும்பம். (அவர்கள் வீட்டில் ஊர்ப் பெயரே 'ரொறன்ரோ' என்றுதான் எழுதுவார்கள்.) "இந்தக் குளிருக்குள்ள மாமாவைக் கூட்டிக்கொண்டு போகப் போறீங்களோ? விசரே உங்களுக்கு?" என்று முதலில் ஒரு பிடி பிடித்தாள். பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்: யார் என்ன உடுப்புப் போட வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள்.

கிளம்புகிற அன்று அப்பா மூன்று ஜோடி சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நின்றார். "மாமா, இப்பிடிப் போடாதேங்கோ. பூட்ஸுக்குள்ள கால் இறுகினா ரத்தம் ஓடாது, பிறகு விறைச்சுப்போகும். ஒரு கம்பளிச் சொக்ஸ் காணும்." அப்பா குனிந்து தரையெல்லாம் தேடினார். "காணுமா? காலுலதானேம்மா இருக்கு?" யாழ்ப்பாணத்தில் 'காணும்' என்றால் 'போதும்' என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஹைவே 400, அப்புறம் 11, ஹன்ட்ஸ்வில்லில் ஒரு சின்ன மோட்டலில் ராத்திரி தங்கல். மார்க்கத்தில் கிளம்பும்போது காரில் மைனஸ் 11 காட்டியது. மறுநாள் காலை மோட்டல் வாசலில் மைனஸ் 27. மூக்குக்குள் இருக்கிற மயிர் மொறுமொறு என்று ஒட்டிக்கொள்ளும் குளிர். எங்கோ காட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். துப்பாக்கியோ என்று அப்பா திரும்பிப் பார்த்தார். மரம்தான். கடுங்குளிரில் சில நேரம் அடிமரம் இப்படிப் பிளந்து சத்தம் போடும்.

"பார்த்தியா, மரம்கூடத் தாங்கல" என்றார்.

அங்கிருந்து ஹைவே 60 பூங்காவுக்குள் புகுந்து 56 கிலோமீட்டர் ஓடுகிறது. மேற்கு வாசலில் தொடங்கி ஒவ்வொரு இடத்துக்கும் கிலோமீட்டர் கணக்குதான் முகவரி. மேற்குப் பக்கம் மேடான நிலம், மேப்பிள் காடு. கிழக்கே போகப் போக ஊசியிலை மரங்கள் கூடும். முதலில் ஒரு பார்க்கிங்கில் நிறுத்தினேன். சுகர் மேப்பிள் மரங்கள், ஒரு இலை கிடையாது, அப்பா சொன்ன மாதிரியே பட்டுப்போனவை போல நின்றன.

அப்பா பேசாமல் ஒரு கன்று மரத்தின் பக்கம் போனார். கையுறையைக் கழற்றினார். (மனைவி காரிலிருந்து கத்தினாள்.) ஒரு சிறு கிளையைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் தோலை லேசாகச் சுரண்டினார். ஊரில் எலுமிச்சங்கன்று பிழைக்குமா என்று பார்க்க அவர் செய்கிற அதே வேலை.

உள்ளே பச்சை.

"உசுரு இருக்குடா!" என்றார். அப்புறம் கிளை நுனியைக் கிட்டத்தில் பார்த்தார். "தம்பி, மொட்டு கட்டி வச்சிருக்கு. இந்தக் குளிர்ல எப்பக் கட்டுச்சு?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும், ஏனென்றால் இந்தப் பயணத்துக்காக இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்திருந்தேன். அந்த மொட்டு போன கோடையில் கட்டியது. அடுத்த வசந்தத்தின் இலை அதற்குள் மடித்து வைத்தபடி தயாராக இருக்கிறது. மரம் ஆகஸ்ட்டிலேயே குளிர்காலத்தை ஆரம்பித்துவிடுகிறது. அப்போது நமக்கு இங்கே வியர்த்துக்கொட்டும், குழந்தைகள் நீச்சல் குளத்தில் இருப்பார்கள். ஆனால் பகல் குறைய ஆரம்பித்திருக்கும். மரம் அதைக் கவனிக்கிறது. வளர்ச்சியை நிறுத்துகிறது, மொட்டை மூடுகிறது. முதல் இரண்டு மூன்று உறைபனி இரவுகள் வந்ததும் இன்னும் இறுக்கமாகத் தயாராகிறது. செல்லுக்குள் இருக்கிற தண்ணீரில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடும். ஐஸ் உண்டானாலும் செல்லுக்கு வெளியே, இடைவெளியில் உண்டாகட்டும் என்று. உள்ளே மிஞ்சுவது கெட்டியான சர்க்கரைப் பாகு போல ஆகிவிடுவதால் அது லேசில் உறையாது. தண்டுக்குள் இருக்கிற சில உயிர்ச் செல்களோ மைனஸ் 40 பக்கம் வரை உறையாமலே தாக்குப்பிடிக்கும்.

படித்ததில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதெல்லாம் இல்லை. இதே கிளையை ஜூலை மாதத்தில் வெட்டி மைனஸ் ஐந்தில் வைத்தால் செத்துவிடும். அதே மரம், அதே கிளை. மைனஸ் 27-ஐத் தாங்கும் பலம் அதன் உடம்பில் எப்போதும் இருப்பது இல்லை. மூன்று நான்கு மாதம் செலவழித்து ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேர்க்கிற பலம் அது.

இதைச் சொல்லி முடித்தபோது அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வெயில வச்சி இல்ல, பகல் நேரத்த வச்சிக் கணக்குப் போடுது. நம்ம பழைய சம்பா மாதிரி."

"என்ன சம்பா?"

"அந்தக் காலத்து சம்பா நெல்லு. ஆடில விதைச்சாலும் சரி, ஆவணில விதைச்சாலும் சரி, பகல் குறைஞ்சாதான் கதிர் விடும். முன்ன விதைச்சவன் பயிரும் பின்ன விதைச்சவன் பயிரும் ஒண்ணாக் கதிர் வாங்கும். ஐ.ஆர்.எட்டு வந்தப்புறம்தான் எந்த மாசத்துலயும் விதைக்கலாம்னு ஆச்சு. அதுக்குப் பகலும் தெரியாது, ராத்திரியும் தெரியாது, நாளை மட்டும் எண்ணும்."

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். எங்கள் வீட்டு வயலில் விளைந்த நெல்லுக்குள் ஒரு கடிகாரம் இருந்தது என்பதை 37 வயதில், ஒன்டாரியோ காட்டில், மைனஸ் 27-இல்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்து, என் மகளுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்த சோதனை. நீங்களும் குழந்தைகளோடு செய்து பாருங்கள், பூங்காவுக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை, ஸ்நோ ஆழமாக விழுந்திருந்தால் பின்வளவே போதும். ஃப்ரிட்ஜுக்குள் வைப்பதற்கென்று நீள ஒயர் உள்ள தெர்மாமீட்டர் கடையில் கிடைக்கும். ஒயர் முனையில் இருக்கிற சென்சாரை ஸ்நோவின் அடியில், மண்ணைத் தொடுகிற மாதிரி புதைத்துவிட்டு மேலே திரும்ப மூடிவிட வேண்டும். இருபது நிமிஷம் பொறுக்க வேண்டும். எட்டு வயசுக் குழந்தைக்கு அந்த இருபது நிமிஷம்தான் கஷ்டம், மற்றது சுலபம்.

மேலே காற்றில் மைனஸ் 24. அறுபது சென்டிமீட்டர் ஸ்நோவுக்கு அடியில் மைனஸ் 1.

மகள் நம்பவில்லை, தெர்மாமீட்டர் கெட்டுப்போய்விட்டது என்றாள். கெடவில்லை. புதிதாக விழுந்த ஸ்நோவில் பாதிக்கு மேல் காற்றுதான். கம்பளிக்குள்ளும் பஞ்சு மெத்தைக்குள்ளும் காற்று அடைபட்டிருக்கிற மாதிரியே இதற்குள்ளும் அடைபட்டிருக்கிறது. மண்ணில் கோடையிலிருந்து மிச்சமிருக்கிற சூட்டை அது வெளியே விடுவதில்லை. அதனால் ஸ்நோவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சின்ன உலகம் இயங்குகிறது. காட்டெலிகளும் மூஞ்சூறுகளும் குளிர்காலம் முழுக்க அந்த இருட்டில் சுரங்கம் போட்டு ஓடிக்கொண்டிருக்கும். மேலே நரி காதைக் கூர்மையாக்கி நின்று, சத்தம் வருகிற இடத்தில் எம்பிக் குதித்துத் தலைகுப்புறப் பாயும். ரஃப்டு க்ரௌஸ் என்று கோழி மாதிரி ஒரு பறவை இருக்கிறது. அது ராத்திரி தூங்க ஸ்நோவுக்குள்ளேயே பாய்ந்து புகுந்துகொள்ளும். காலையில் நாம் பக்கத்தில் நடந்தால் காலடியிலிருந்து வெடித்துக் கிளம்பும் என்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

அதாவது இந்தக் காட்டில் ஸ்நோ நிறைய விழுந்தால் நல்லது. ஸ்நோ இல்லாத குளிர்தான் ஆபத்து. அப்பா இதை லேசாக ஏற்றுக்கொண்டார். "ஊர்ல தை மாசி பனியக் குடிச்சே உளுந்து விளைஞ்சிடும், தண்ணியே பாய்ச்ச வேணாம். இங்க இது போர்வையா இருக்குதாக்கும்" என்றார். நம் மொழியில் அங்கே அதிகாலைப் புல்லில் இருப்பதும் பனி, இங்கே முழங்கால் வரை கிடப்பதும் பனி.

அந்த மூடிய ஸ்நோவுக்கு அடியில், காய்ந்த இலைக்குள், மரத் தவளை ஒன்று கல் மாதிரி உறைந்து கிடக்கும் என்று சொன்னபோது மகளுக்குக் கண் விரிந்தது. வுட் ஃப்ராக் என்கிற இந்தத் தவளை அல்கான்குவினில் சாதாரணம். தோலில் ஐஸ் பட்டதும் அதன் கல்லீரல் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் கொட்டும். உடம்பில் இருக்கிற தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஐஸாகிவிடும். இதயம் நின்றுவிடும், மூச்சு கிடையாது. செல்களுக்குள் மட்டும் அந்தச் சர்க்கரைப் பாகு உறையாமல் காக்கும். வசந்தத்தில் உருகும்போது முதலில் உள்ளே இருக்கிற இதயம் துடிக்கத் தொடங்கும், கால்கள் கடைசியில்தான் அசையும். ஆட்டவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கென் ஸ்டோரியும் ஜேனட் ஸ்டோரியும் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தவர்கள். மாற்று அறுவைக்கு எடுத்த உறுப்பை எப்படி அதிக நேரம் கெடாமல் வைக்கலாம் என்பதற்கு இந்தத் தவளையிடம் ஏதாவது கிடைக்குமா என்பதும் அந்த ஆராய்ச்சியில் ஒரு கேள்வி.

"சக்கரை எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார் அப்பா. பதினைந்து வருஷமாக மாத்திரை போடுகிறவர், அவருக்கு அதுதான் முக்கியம். மனுஷனுக்கு ஆயிரத்தைத் தொட்டாலே ஐ.சி.யூ.தான், இதற்கு அதையும் தாண்டிப் போகும் என்றேன். "மாத்திரை இல்லாமலா?" என்று கேட்டுவிட்டு மருமகளைப் பார்த்தார். அன்று மதியம் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகக் கேட்கப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "மாமா, நீங்கள் தவளை இல்லை" என்றாள்.

கரடி பற்றி மகள் கேட்டாள், நீங்களும் கேட்பீர்கள். தூங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் எழுப்பப் போகவில்லை. மாதக்கணக்கில் சாப்பாடு, தண்ணீர், ஒன்றுக்கு, இரண்டுக்கு எதுவுமில்லாமல் கிடக்கும். பெண் கரடி அந்தத் தூக்கத்துக்கு நடுவே ஜனவரியில் குட்டியும் போட்டுவிடும். என் மகளுக்கு இதில் ஒன்றுக்குப் போகாத விஷயம் மட்டும்தான் பிடித்தது, காரில் மூன்று தடவை அதையே சொல்லிச் சிரித்தாள்.

முயல் ஒன்றைப் பார்த்தோம். ஸ்நோஷூ முயல், தூய வெள்ளை, ஃபர் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கறுப்பாகக் கண்ணும் காது நுனியும் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. பின்னங்கால் பாதம் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிது, ஸ்நோவில் புதையாமல் ஓட. கோடையில் அது பழுப்பு நிறம். வெள்ளையாவதும் பழுப்பாவதும் பகல் நீளத்தைப் பார்த்துத்தான். வெளியே ஸ்நோ விழுந்திருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், தேதி பார்த்து ஓடுகிற கிரான் ஜாப், சென்சார் இன்புட் கிடையாது. ஸ்நோ தாமதமாக வருகிற வருஷத்தில் என்ன ஆகும்? பழுப்புச் சருகுக் காட்டில் பளிச்சென்று ஒரு வெள்ளை முயல் நிற்கும், தான் மறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு. பருந்தும் லிங்க்ஸும் தேடவே வேண்டாம்.

அதை அப்பா ரசிக்கவில்லை. "பாவம்" என்று மட்டும் சொன்னார்.

கிலோமீட்டர் 42.5-இல் ஸ்ப்ரூஸ் பாக் போர்டுவாக். ஒன்றரை கிலோமீட்டர் சுற்று, பெரும்பாலும் சமதளம், சதுப்பு நிலத்தின் மேல் பலகைப் பாதை. வயதானவர்களோடும் சின்னக் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். எதிரிலேயே அரை கிலோமீட்டரில் விசிட்டர் சென்டர் இருக்கிறது, வீக்கெண்டில் உள்ளே போய்ச் சூடேற்றிக்கொள்ளலாம். பூங்கா பெர்மிட்டை முன்னாலேயே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள், பெட்ரோல் ஹன்ட்ஸ்வில்லில் நிரப்பிவிடுங்கள், மேப்பை போனில் மட்டும் நம்பி வைக்காதீர்கள். என் போன் 60 சதவீதத்தில் இருந்தது, வெளியே எடுத்த ஐந்தாவது நிமிஷத்தில் அணைந்துவிட்டது. மனைவி பேசவில்லை. தன் போனை ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பலகைப் பாதையில் இரு பக்கமும் கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள், ஒல்லியாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். பார்த்தால் கன்று என்றுதான் தோன்றும், ஆனால் சத்தில்லாத இந்தச் சதுப்பில் இத்தனூண்டு மரத்துக்கே பல பத்து வருஷ வயதிருக்கும். ஊசி இலை, மேலே மெழுகுப் பூச்சு, ஸ்நோ வழுக்கி விழக் கூம்பு வடிவம். நடுவில் ஒன்றிரண்டு மரம் ஊசி முழுக்கக் கொட்டி மொட்டையாக நின்றன. டாமராக். ஊசியிலை மரமாகப் பிறந்தும் இலையுதிர்க்கிற மரம், அக்டோபரில் பொன்னிறமாகிக் கொட்டிவிடும். அதுவும் ஒரு வழி.

ஒரு வளைவில் நின்று மனைவி சப்பாத்தி ரோலை எடுத்துக் கொடுத்தாள். அப்பா ஒரு வாய் கடித்தார். சத்தமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வந்தது, அவர் கையில் உட்கார்ந்தது, சப்பாத்தி ஓரத்தைப் பிய்த்தது, போய்விட்டது. பூங்காவில் விலங்கு பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். நாங்கள் போடவில்லை. அது எடுத்துக்கொண்டது.

கனடா ஜே. எழுபது கிராம் பறவை, புறாவை விடச் சின்னது. கூட்டமாக ஊரைக் காலி பண்ணித் தெற்கே போகிற பறவைகளில் இது சேர்த்தி இல்லை, ஆண்டு முழுக்க ஜோடியாகத் தன் எல்லைக்குள்ளேயே இருக்கும். திரும்பவும் வந்து எதிர்க் கிளையில் உட்கார்ந்தது. காலில் கலர் கலராக வளையங்கள். இந்தப் பூங்காவில் 1960களில் தொடங்கி இந்தப் பறவைகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டுப் பின்தொடர்கிறார்கள். பூங்காவின் இயற்கையாளராக இருந்த டான் ஸ்ட்ரிக்லேண்ட் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தவர்.

அப்பாவின் கவனம் அதன் காலில்தான் இருந்தது. "செருப்பில்லாம ஐஸ் மேல நிக்குதே, விறைக்காதா?" அதற்குக் காலுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. உடம்பிலிருந்து காலுக்கு இறங்குகிற சூடான ரத்தக் குழாயும் காலிலிருந்து ஏறுகிற குளிர்ந்த குழாயும் ஒட்டி ஒட்டி ஓடும். இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்துக்குக் கைமாற்றிவிடும். பாதத்துக்குப் போய்ச் சேர்வது உறையாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சூடுதான். உடம்புச் சூடு வீணாவதில்லை. "அதுக்கு ஒரு சாக்ஸ்கூட வேண்டாம் மாமா" என்றாள் மனைவி. அப்பா சிரித்தபடி, "அதுக்குக் காணும்" என்றார்.

நான் எதற்காக அவரை அங்கே கூட்டிப் போனேனோ அது இந்தப் பறவையின் கதைதான். வெயில்காலமும் இலையுதிர்காலமும் முழுக்க அது சாப்பாட்டைச் சேர்க்கும். பூச்சி, பழம், காளான், செத்த விலங்கின் இறைச்சித் துணுக்கு. ஒவ்வொரு துணுக்கையும் வாயில் உருட்டி, கெட்டியான எச்சிலால் பசை மாதிரி பூசி, மரப்பட்டைக்கு அடியில் தனித்தனியாக ஒட்டி வைக்கும். ஆயிரக்கணக்கான இடங்களில். எங்கே வைத்தது என்று நினைவும் வைத்திருக்கும். அந்தச் சேமிப்பை நம்பித்தான் அது மற்ற பெரும்பாலான பறவைகள் யோசிக்கவே யோசிக்காத ஒரு வேலையைச் செய்கிறது. பிப்ரவரி கடைசியிலேயே கூடு கட்டத் தொடங்கி, மார்ச்சில், ஸ்நோ நடுவே முட்டையிட்டு அடைகாக்கும். கூட்டின் விளிம்பில் ஸ்நோ கிடக்கும், அடியில் முட்டை இருக்கும்.

"விதைநெல்லு எடுத்து வைக்கற மாதிரி" என்றார் அப்பா.

"ஆமாப்பா. ஆனா இதுக்குக் குதிர் கிடையாது, ஃப்ரீசர்தான்." குளிர்தான் அதன் ஃப்ரீசர். அதனால்தான் இப்போது பிரச்சினை. இலையுதிர்காலம் சூடாக இருந்தால், நடுவில் நடுவில் உருகி உருகி உறைந்தால், ஒட்டி வைத்த இறைச்சியும் பழமும் அழுகிவிடும். அழுகிய சேமிப்போடு குளிர்காலத்தில் நுழைகிற ஜோடிகள் வசந்தத்தில் குறைவான குஞ்சுகளையே வளர்க்கின்றன. தாமஸ் வெயிட்டும் ஸ்ட்ரிக்லேண்டும் 2006-இல் இதை எழுதினார்கள். இந்தப் பறவை வாழும் பரப்பின் தெற்கு விளிம்பு அல்கான்குவின். இங்கே முன்பு இருந்த ஜேக்களில் பாதிக்கு மேல் இப்போது இல்லை.

அப்பா சப்பாத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "குளிர் பத்தாம சாகுதுன்னு சொல்றியா?" என்று கேட்டார். அப்புறம் அவரே, "குதிருக்குள்ள ஈரம் புகுந்தா முடிஞ்சுது. 2023-ல தை கடைசில பெஞ்சுதே மழை, அறுக்கற பயிரெல்லாம் சாஞ்சு முளைச்சுப் போச்சு. மழை கெட்டதில்ல, வரவேண்டிய மாசத்துல வரல, அவ்வளவுதான்" என்றார். அந்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. வயலையும் ஆஸ்பத்திரியையும் ஒன்றாகப் பார்த்தார். அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் அப்போது இங்கே இருந்தேன்.

எல்லா ஜீவனும் மாட்டிக்கொள்வதில்லை. நாங்கள் நின்ற அதே சதுப்பில் ஸ்நோவுக்கு அடியில் பிட்சர் செடிகள் இருக்கின்றன, பூச்சியைப் பிடித்துத் தின்கிற குடுவைச் செடி. அந்தக் குடுவைத் தண்ணீருக்குள் ஒரு கொசுவின் புழு குளிர்காலம் முழுக்க ஐஸுக்குள் உறங்கும். எப்போது உறங்கப் போக வேண்டும் என்பதை அதுவும் பகல் நீளத்தை வைத்தே முடிவு செய்யும். வில்லியம் பிராட்ஷாவும் கிறிஸ்டினா ஹோல்ஸாப்ஃபெலும் 2001-இல் சொன்னது: சில பத்து ஆண்டுகளுக்குள் அந்தக் கொசு தன் காலண்டரை மாற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது முன்பை விடத் தாமதமாக, இன்னும் பகல் குறைந்த பிறகு உறங்கப் போகிறது. மரபணுவிலேயே நடந்த மாற்றம். ஆயுள் குறைவு, தலைமுறை வேகம், அதனால் முடிகிறது. மேப்பிளுக்கும் ஜேக்கும் அவ்வளவு அவசரம் முடியாது.

விசிட்டர் சென்டரில் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் பறவைகளுக்குத் தானியம் வைத்திருந்தார்கள். மஞ்சள் க்ரோஸ்பீக் கூட்டம், நீல ஜே, பதினோரு கிராம் சிக்கடி. சிக்கடி பகலில் 42 டிகிரி உடம்புச் சூட்டை ராத்திரியில் பத்து டிகிரி வரை இறக்கிவிட்டு, விடியும்வரை நடுங்கியே பிழைக்கும். அப்பா அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். காக்கா குருவி இல்லை என்று சொன்னீர்களே என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

வீடு திரும்பிய மறுநாள் செவ்வாய்க்கிழமை. மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்ற நான் பூட்ஸ் மாட்டும்போது, அப்பா ஏற்கெனவே ஜாக்கெட் போட்டு நின்றார். ஒரே சாக்ஸ். போகிற வழியில் தெருவோரம் நகராட்சி நட்ட மேப்பிள் கிளையை நகத்தால் சுரண்டி, பேத்திக்குப் பச்சையைக் காட்டினார். பஸ் போன பிறகு திரும்பி நடக்கும்போது கேட்டார்.

"எந்த மாசத்துலேர்ந்து இதுங்க தயாராகுதுன்னு சொன்ன?"

"ஆகஸ்ட்டுப்பா. பகல் குறைய ஆரம்பிச்சதுமே."

"என்னை நீ நவம்பர்ல கொண்டாந்து இறக்கிட்ட."

நான் பேசாமல் வந்தேன். வாசல் வந்ததும் பூட்ஸில் ஒட்டிய ஸ்நோவைப் படியில் தட்டிக்கொண்டே சொன்னார்: "உளுந்து எடுத்துட்டு, சித்திரை வைகாசி அங்க இருந்துட்டு வரேன். டிக்கெட்ட ஆகஸ்ட்ல போடு."

மார்ச் இரண்டாம் வாரம் ஊருக்குப் போனார். ஆகஸ்ட் டிக்கெட் நவம்பர் டிக்கெட்டை விட நிறையவே விலை. போட்டுவிட்டேன்.